விசாரிப்பு நாட்களில் ஒரு மாத்திரை

முனாச்சிக்கு இரண்டு மாதமாக யாரைப் பார்த்தாலும் வேவு பார்க்க வந்தவர்களாகவே தெரிந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களில் சிலர் உண்மையிலேயே அதற்குத்தான் வந்திருந்தார்கள்.

ஈஸ்டர் முடிந்த கையோடு ஒபியோராவின் வீட்டார் முதல் கள் குடத்தைக் கொண்டுவந்து அவளுடைய பெரியப்பா முன்னால் வைத்து, "உங்க தோட்டத்துல ஒரு பூவைப் பார்த்தோம்" என்று வழக்கப்படி சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று தொடங்கியது விசாரிப்புக் காலம். பெண் வீட்டைப் பற்றி மாப்பிள்ளை வீடும், மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பெண் வீடும் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் காலம். எல்லாம் திருப்தி என்றால் இரண்டாவது குடம் வரும். இல்லையென்றால் வராது, ஏன் என்றும் சொல்ல மாட்டார்கள். விசாரிக்க வருகிறவர்கள் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை. காய் வாங்க வந்தவளாக வருவார்கள், வழி தவறியவராக வருவார்கள், ஜெபக்கூட்டத்துக்கு அழைக்க வந்தவராக வருவார்கள். முனாச்சியின் தெருவோ தங்கமான தெரு. கேட்காததையும் சேர்த்துச் சொல்லும்.

"மூணே மூணுதான்டீ கேப்பாங்க," என்றாள் அம்மா, ஆவியில் வேகவைக்கும் ஒக்பாவுக்குப் பயறு மாவைக் கரைத்தபடி. "வீட்ல பைத்தியம் உண்டா, வலிப்பு உண்டா, திருட்டு உண்டா. நீ முழுங்கற அந்த ஒரு மாத்திரையே ரெண்டுக்குப் பதில் சொல்லிடும். பாக்கி திருட்டுதான். அதையும் பண்ணிட்டு வந்துடு, மூணும் முழுசாயிடும்."

அம்மா சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. மாத்திரையை எழுதிக் கொடுத்தது எனுகு நகரத்து மனநல ஆஸ்பத்திரி. மருந்துக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் அது வலிப்பு மாத்திரை. ஆனால் முனாச்சிக்கு வலிப்பும் இல்லை, துணியைக் கிழித்துக்கொண்டு தெருவில் ஓடுகிற கோளாறும் இல்லை. அவளுக்கு இருந்தது வேறு. பிடித்தவர் போனை எடுக்கத் தாமதித்தால் பத்தே நிமிடத்தில் அவர் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று அவளுக்கு முடிவாகிவிடும். காலையில் தேவதூதனாக இருந்தவன் மத்தியானம் துரோகி ஆகிவிடுவான். ஒபியோரா பள்ளிக்கூடத்தில் பரீட்சை மேற்பார்வையில் இருந்த ஒரு நாள், அவனை நாற்பத்தொரு முறை கூப்பிட்டாள். பிறகு அவன் வாங்கிக் கொடுத்த அந்தப் போனையே சாக்கடையில் வீசினாள். பிறகு சாக்கடைக்குள் இறங்கி அழுதுகொண்டே தேடினாள். எந்த வெயிலிலும் அவள் நீளக்கைச் சட்டைதான் போடுவாள். உள்ளே பழைய வெட்டுத் தழும்புகள் இருந்தன. அவளுக்கு வயது முப்பத்தொன்று. இதற்கு முன் இரண்டு பேர் வந்து, பார்த்து, ஓடிப்போயிருந்தார்கள். சாக்கடையைப் பார்த்த பிறகும் நின்றவன் ஒபியோரா ஒருவன்தான்.

பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்று டாக்டர் ஒன்யேமா அதற்குப் பெயர் சொன்னார். அந்த அம்மாள் எதையும் பூசி மெழுகமாட்டார்.

"இது இந்தக் கோளாறுக்குன்னே செஞ்ச மாத்திரை இல்ல முனாச்சி. மனசு ஏறி ஏறி இறங்கறதைக் கொஞ்சம் சமப்படுத்தும். சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. வாராவாரம் நீ வந்து பேசறதுதான் முக்கிய வைத்தியம், இது கூடமாட ஒத்தாசை. போட்டுப் பார்ப்போம்."

"போட்டுப் பார்ப்போமா? நான் என்ன டாக்டர், ரெடிமேட் கடையா?"

டாக்டர் சிரித்துவிட்டு உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். "இதைக் கேளு. ரொம்பக் கொஞ்சமா ஆரம்பிக்கணும், மெதுவா ஏத்தணும். உடம்புல தடிப்பு, சிவப்பு, எது வந்தாலும் நிறுத்திட்டு அன்னிக்கே ஓடி வா. எடுத்த எடுப்புல அதிகமாப் போட்டா தோலே உரிஞ்சு உயிருக்கு ஆபத்தாயிடும். நடுவுல அஞ்சு நாள் விட்டுட்டா பழைய அளவுக்குப் போகக் கூடாது. மறுபடி அடியிலேருந்துதான்."

இப்படி ஒரு முன்னுரையோடு வந்த மாத்திரையை யார்தான் நம்புவார்கள்? முனாச்சி நம்பவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கிற வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, போலி மருந்தா என்று அறிய உள்ளே தெரியும் எண்ணைப் போனில் அனுப்பிப் பார்த்தாள். 'மருந்து அசல்' என்று பதில் வந்தது. பதில் அனுப்பியவன் அசலா என்பதை யாருக்கு அனுப்பிக் கேட்பது? தினமும் குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று உடம்பை அங்குலம் அங்குலமாகத் தேடினாள். எனுகுவின் கொசுக்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஒவ்வொரு கடிக்கும் அவளுக்கு நெஞ்சு நின்று போனது.

ஆறாவது வாரத்தில் ஒன்று நடந்தது. கோபம் வரத்தான் செய்தது. ஆனால் வாசலில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது. முன்பெல்லாம் சேற்றுக் காலோடு நேரே உள்ளே வந்துவிடும். அந்தச் செருப்பு கழற்றுகிற நேரத்தில் அவளுக்கு யோசிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அவளுக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. நிற்கிறவள் நானா, இல்லை மாத்திரை என்னைப் பிடித்து நிறுத்துகிறதா?

"விசாரிப்பு முடியற வரைக்கும் நிறுத்தித் தொலை," என்றாள் அம்மா. "ரெண்டாவது குடம் வந்தப்புறம் டப்பா டப்பாவா முழுங்கு, யாரு கேக்கப் போறா?"

"விட்டா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்மா."

"ஆரம்பியேன். மாத்திரையை முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். முப்பத்தோரு வயசுல மாப்பிள்ளையை முதல்லேருந்து ஆரம்பிப்பியா?"

முனாச்சி நிறுத்தவில்லை.

அவளுக்கு வேலை பஸ் கம்பெனியின் பார்சல் கவுன்ட்டரில். லாகோஸ், அபூஜா, ஜோஸ் என்று போகிற பெட்டிகளை எடை போட்டு, உள்ளே என்ன, யாரிடமிருந்து, யாருக்கு என்று சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அறுபதைத் தாண்டிய ஒரு பெண், நீலத் தலைத்துணியோடு, கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைக் கவுன்ட்டரில் தொப்பென்று வைத்தாள்.

"உள்ளே என்ன ஆன்ட்டி?"

"உனக்கு எதுக்கு?"

"சீட்டுல எழுதணும். வழியில போலீஸ் பிரிச்சுப் பாப்பாங்க."

"காய்ஞ்ச கசப்புக்கீரை. எழுது. உன் பேரு என்ன?"

"என் பேரு எதுக்கு ஆன்ட்டி? பார்சல் வாங்கறவங்க பேரைச் சொல்லுங்க."

"கீரையை யார்கிட்டக் குடுத்தேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? எந்த ஊரு நீ? அப்பா யாரு? இல்லையா? எப்படிச் செத்தார்? திடீர்னா, படுத்துக் கிடந்தா?"

ஒரு பெட்டிக் கீரைக்கு இத்தனை கேள்வியா என்று முனாச்சி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண்ணின் மேல்வரிசைப் பற்களுக்கு நடுவே ஒரு இடைவெளி. ஒபியோரா சிரிக்கும்போது தெரியுமே, அதே இடைவெளி.

"ஸ்ட்ரோக்ல போனார்," என்றாள்.

"ம். எடையைத் தப்பாப் போடறே நீ."

"இல்லையே ஆன்ட்டி."

"இல்லையா? மூஞ்சியே சொல்லுதே. பார்சல் கொண்டு வந்தவ உன் தூக்கத்தைக் கெடுத்துட்டான்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. இந்த வெயில்ல நீளக்கைச் சட்டை வேற. கையில என்னத்த மறைக்கறே, சொறியா, குஷ்டமா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். முனாச்சியின் காது சூடேறியது. பழைய முனாச்சியாக இருந்தால் கீரைப்பெட்டி இந்நேரம் ரோட்டில் உருண்டிருக்கும், அந்தப் பெண்ணும் பின்னாலேயே உருண்டிருப்பாள். கோபம் வந்தது. வாசலில் நின்றது. செருப்பைக் கழற்றியது.

"எடை சரியில்லைன்னா மறுபடி போடறேன் ஆன்ட்டி. என் கைக்கும் உங்க கீரைக்கும் சம்பந்தமில்ல. அடுத்தவங்க நிக்கறாங்க."

அந்தப் பெண் சீட்டை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, "இங்க மருந்துக்கடை எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

பஸ் நிலையத்துக்கு எதிரில் பச்சைப் பலகையோடு ஒரே ஒரு கடைதான் இருந்தது. அதில்தான் முனாச்சி மாத்திரை வாங்குவாள். பலகை அங்கிருந்தே தெரியும்போது எப்படிப் பொய் சொல்வது? கையைக் காட்டினாள். அந்தப் பெண் நேரே அதற்குள் போய், போனவள் போனவள்தான், இரண்டு பஸ் புறப்பட்ட பிறகுதான் வெளியே வந்தாள்.

சந்தேகம் வந்தால் அதை நோட்டில் எழுது, ஆதரவாக என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று பிரித்து எழுது என்பது டாக்டரின் உத்தரவு. அன்று சாயங்காலம் எழுதினாள். 'சந்தேகம்: கீரைக்காரி ஒபியோராவின் அத்தை. ஆதாரம்: பல். எதிர் ஆதாரம்: பெட்டியில் நிஜமாகவே கீரைதான் இருந்தது.' எழுதிவிட்டு ஒபியோராவைக் கூப்பிட்டாள்.

"உங்க அத்தை எனுகு வந்திருக்காங்களா?"

"யாரு சொன்னா?"

"பல்லு சொல்லிச்சு."

"முனா, விசாரிக்க யாரு போறாங்கன்னு மாப்பிள்ளைக்கே சொல்லமாட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

"மாத்திரையைப் பத்தி வீட்ல சொன்னியா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல முனா. நானா சொல்வேன்?"

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. 'நானா சொல்வேன்' என்று கேட்கிறவன்தான் சொல்லியிருப்பான் என்று பட்டது. மறுபடி கூப்பிடக் கை பரபரத்தது. போனை அரிசி டின்னுக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சர்ச் மாதர் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து அந்தப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டாள். இந்த முறை வெள்ளை லேஸ் உடை, கையில் பை, வேஷம் எதுவும் இல்லை.

"நான் கலிஸ்டா. ஒபியோராவோட அப்பாவுக்குத் தங்கச்சி. உனக்குத்தான் தெரிஞ்சிருக்குமே."

"பல்லைப் பாத்தேன் ஆன்ட்டி. உக்காருங்க."

வந்தவர்களுக்கு வைக்கிற வழக்கப்படி முனாச்சி பச்சைக் கத்தரிக்காயும் கடலை விழுதும் தட்டில் வைத்தாள். கலிஸ்டா தொடவில்லை. விசாரிப்பு முடியாத வீட்டில் யாரும் வாய் நனைப்பதில்லை.

"மருந்துக்கடைப் பொண்ணுக்கு வாயில கதவே இல்ல," என்றாள் கலிஸ்டா. "மாசாமாசம் நீ வாங்கறது லாமோட்ரிஜின்னு சொன்னா."

அவள் அந்தப் பெயரைத் தடுமாறாமல் சொன்னாள். முனாச்சிக்கே அது நாக்கில் படிய ஒரு வாரம் ஆயிற்று. கடையில் ஒருமுறை கேட்டதை வைத்து இத்தனை சுத்தமாக எப்படிச் சொல்கிறாள்?

"எனக்கு வலிப்பு இல்ல ஆன்ட்டி."

"தெரியும். அன்னிக்கு உன்னை என்னெல்லாம் பேசினேன்! வேணும்னேதான் பேசினேன். பொண்ணுக்குக் கோபம் வந்தா எப்படின்னு பாக்கணும்ல. எங்க வீட்டு ஆளுங்களை அப்படிப் பேசியிருந்தா என் தலைத்துணி பறந்திருக்கும்." கலிஸ்டா முன்னால் சாய்ந்தாள். குரல் இறங்கியது. "அது மாத்திரையா?"

"எது?"

"நீ அன்னிக்கு அடங்கி நின்னியே. அது மாத்திரையா, நீயா?"

இத்தனை நாளாகத் தன்னைத் தானே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை ஒரு வேவுக்காரி வாயிலிருந்து கேட்டதும் முனாச்சிக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"தெரியல ஆன்ட்டி. ரெண்டும் சேர்ந்தோ என்னவோ."

கலிஸ்டா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினாள். "எனக்கு உசோன்டுன்னு ஒரு பையன். முப்பத்துநாலு வயசு. காபோன் நாட்டுல வியாபாரம் பண்றான்னு ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்."

"காபோன்ல இல்லையா?"

"என் வீட்டுப் பின்கட்டுதான் காபோன்." அவள் சிரிக்கவில்லை. "காலையில காலைப் பிடிச்சுக்கிட்டு அம்மா என்னை விட்டுப் போயிடாதேம்பான். மத்தியானம் கதவை உடைப்பான். அப்புறம் கையைக் கிழிச்சுக்குவான். வெயில்லயும் நீளக்கைதான். உன் சட்டையைப் பாத்ததும் எனக்குக் குடல் பதறிப்போச்சு. ஜெப வீட்ல மூணு மாசம் கட்டி வெச்சிருந்தாங்க. கணுக்கால்ல சங்கிலித் தடம் இன்னும் போகல. யாரோ இந்த மாத்திரைப் பேரை எழுதிக் குடுத்தாங்க, டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டேங்கறான் கடைக்காரன்."

முனாச்சி தன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஒரு அட்டை மாத்திரை குடு. இப்ப நீ போடற அளவு. என் அண்ணன் வீட்ல மாத்திரையைப் பத்தி மூச்சு விடமாட்டேன். பொண்ணு சொக்கத் தங்கம்னு சொல்றேன். அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டாவது குடம் வந்துடும்."

முனாச்சியின் சந்தேகம் நாலு காலில் எழுந்து நின்றது. இது கதையா? அட்டையை வாங்கிக்கொண்டு போய், இதோ சாட்சி என்று அண்ணன் முன்னால் போடப் போகிறாளா? முகத்தைப் பார்த்தாள். கலிஸ்டாவின் மேலுதடு வியர்த்திருந்தது. வேவு பார்க்கிறவளுக்கும் வியர்க்கலாம், பெற்றவளுக்கும் வியர்க்கலாம். பொய்யாக இருந்தால் கொடுத்தாலும் மாட்டினாள், கொடுக்காவிட்டாலும் மாட்டினாள். நிஜமாக இருந்தால்தான் சிக்கல். பின்கட்டில் ஒரு மனிதன் முதல் நாளே அவளுடைய அளவைப் போடுவான்.

"தரமாட்டேன் ஆன்ட்டி."

"என்ன?"

"நான் இந்த அளவுக்கு வர ஆறு வாரம் ஆச்சு. எடுத்த எடுப்புல இதைப் போட்டா அவருக்குத் தோல் உரிஞ்சு செத்தே போயிடலாம். அவருக்கு இதே கோளாறுதானான்னு டாக்டர் பாக்கணும். அப்புறம் சின்னதுலேருந்து ஆரம்பிக்கணும்."

"குடுக்க மனசில்லாம நீ கட்டற கதை."

"கதையில்ல ஆன்ட்டி. கூட்டிட்டு வாங்க. வியாழக்கிழமை டாக்டர் ஒன்யேமா இருப்பாங்க."

"அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா எங்க ஊர்க்காரன் ஒருத்தன் பாக்கமாட்டான்?"

"பாப்பான். என்னையும் பாத்திருப்பான்."

கலிஸ்டா எழுந்து நின்றாள். முகம் கல்லாகியிருந்தது. "உனக்குக் கல்யாணம் வேண்டாமா பொண்ணே?"

"வேணும்," என்றாள் முனாச்சி. "ஒபியோரா வேணும் ஆன்ட்டி. வேற யாரும் என்கிட்ட இவ்வளவு நாள் இருந்ததில்ல. ஆனா இதைத் தரமாட்டேன்."

தன் வேலைப்பையிலிருந்து ஒரு பார்சல் சீட்டைக் கிழித்து, 'பெறுநர்' என்ற இடத்தில் டாக்டரின் பெயரையும் கீழே நாளையும் எழுதி நீட்டினாள். கலிஸ்டா அதைப் பறித்துக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனாள். சீட்டை வாசலில் எறிந்துவிட்டுப் போயிருப்பாள் என்று முனாச்சி சந்தேகப்பட்டாள். போய்ப் பார்த்தாள். வாசலில் இல்லை, சாக்கடையிலும் இல்லை.

விஷயம் தெரிந்ததும் அம்மா தலையிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "ஒரு அட்டைடீ! ஒரு அட்டையை வெச்சு ஒரு குடத்தை வாங்கியிருக்கலாமே! ஊரான் வீட்டுப் பிள்ளைக்குத் தோல் உரிஞ்சா உனக்கென்னடீ?" சொன்ன பிறகு அவளுக்கே அது பிடிக்கவில்லை போலிருக்கிறது, சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

திங்கட்கிழமை ஒபியோராவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அப்பா ஊருக்குக் கூப்பிடறார். போறேன்.' அவ்வளவுதான். அதன் பிறகு போன் அணைந்தே கிடந்தது. முனாச்சி ஒருமுறை கூப்பிட்டாள், செவ்வாய் ஒருமுறை, புதன் ஒருமுறை. நாற்பத்தொன்று இல்லை, மூன்றுதான். அதற்காக வலி குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். புதன்கிழமை காலை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவனே போன பிறகு இது யாருக்காக? பிறகு விழுங்கினாள். ஏன் விழுங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி பெஞ்சில் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெஞ்சுக்கு ஒரு மரியாதை உண்டு. அங்கே யாரும் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவர்கள் எதிரில் வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கண் தெரியாமல் போய்விடும். அதனால் நீலத் தலைத்துணி வாசலில் தெரிந்ததும் முனாச்சி வழக்கப்படி போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"தள்ளி உக்காரு," என்றது குரல், பெஞ்சு முழுக்கக் கேட்கிற மாதிரி. "நாங்க ரெண்டு பேரு இருக்கோம்."

கலிஸ்டாவின் பின்னால் உயரமான ஒருவன், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு நின்றான். அம்மாவின் பையை அவன் இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"சொல்லிட்டேன்," என்றாள் கலிஸ்டா உட்கார்ந்ததும். "அண்ணன், அண்ணி, எல்லார் முன்னாடியும். உன் மாத்திரை, ஆஸ்பத்திரி, எல்லாம்."

இதற்குத்தானே முனாச்சி இத்தனை நாள் பயந்தாள். எழுந்து போய்விட நினைத்தாள்.

"உக்காரு. காபோனையும் சொல்லிட்டேன்."

முனாச்சி உட்கார்ந்தாள்.

"அண்ணன் கேட்டார், அந்தப் பொண்ணு மாத்திரையைப் பத்திச் சொல்றதை நீ எப்படி நம்பறேன்னு. பொய்க்காரியா இருந்தா அன்னிக்கே ஒரு அட்டையை எடுத்து நீட்டி என் வாயை அடைச்சிருப்பா, என் பையன் இந்நேரம் பொணமாயிருப்பான்னு சொன்னேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"குடத்தைப் பத்தி யோசிக்கணும்னார். அவர் எதுக்கும் அதைத்தான் சொல்வார். இதுல யோசிக்க என்ன இருக்குன்னு ஒபியோரா போனைச் சுவத்துல அடிச்சு உடைச்சுட்டான். உனக்கு மட்டும்தான் கோபம் வரும்னு நெனைச்சியா? வெளியில வண்டியை நிறுத்தறான், வருவான்."

முனாச்சிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வாசலையே பார்த்தாள். அவன் நிஜமாக வருவானா, இல்லை இவள் சும்மா சொல்கிறாளா என்று அப்போதும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உயரமானவன் அம்மாவைத் தாண்டிக் குனிந்தான். அவன் குரல் எதிர்பார்த்ததைவிட மெல்லியதாக இருந்தது.

"அக்கா, அந்த மாத்திரையை நம்பலாமா?"

அவன் அவளைவிட மூன்று வயது பெரியவன். அக்கா என்றான்.

"எனக்கு இன்னும் நம்பிக்கை வரல," என்றாள் முனாச்சி. "தினம் காலையில சந்தேகப்பட்டுக்கிட்டேதான் முழுங்கறேன்."

அவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பெயர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தான்.